கோமதி அக்காவின் ஹோயாவும் ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியும்

கொன்றது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இல்லாவிட்டால், சென்னையில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்தி லீவு போட்டுவிட்டு, ஓட்டை போட்ட ஒரு அட்டைப்பெட்டியோடு தேனியில் போய் ஏன் இறங்கினாள் என்று உங்களுக்குப் புரியாது.

எதிர் ஃபிளாட் கோமதி அக்கா மகளின் பிரசவத்துக்காகக் கனடா போகும்போது, தன்னுடைய இருபத்தேழு ஹோயாத் தொட்டிகளையும் என் பொறுப்பில் விட்டுப் போனார். ஹோயா என்பது தடித்த இலையோடு கொடியாகப் படரும் ஒரு செடி. அதன் பூ, மெழுகில் நட்சத்திரம் செய்து கொத்தாகக் கட்டித் தொங்கவிட்டது போல இருக்கும். அக்கா வீட்டு பால்கனியில் அந்தப் பூவைப் பார்த்த அன்றைக்கே எனக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. இப்போது என் வீட்டிலும் பதினான்கு தொட்டி. குளியலறை ஜன்னலில்கூட ஒன்று தொங்குகிறது. என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டுதான் குளிக்கப் போகிறார்.

அக்காவின் இருபத்தேழில் இருபத்தாறைப் பற்றிக் கவலையில்லை. போனால் வேறு வாங்கி வைத்துவிடலாம். மிச்சமுள்ள ஒன்று சுந்தரம் சார் கொடுத்தது. சார் அக்காவின் கணவர். உத்தமபாளையத்தில் குடியிருந்துகொண்டு, மலைமேல் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசராக இருந்தவர். தோட்டத்தில் நிழல் மரங்களைக் கவாத்து செய்தபோது, வெட்டி விழுந்த கிளையில் ஒட்டிக்கொண்டிருந்த கொடியை, "கோமதிக்குப் புடிக்கும்" என்று ஜீப்பில் போட்டுக் கொண்டுவந்தாராம். சார் இறந்து நான்கு வருஷமாகிறது. விமான நிலையத்துக்குக் கிளம்பும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மத்தது போனாப் போகுது மாலா. இத மட்டும் பாத்துக்க" என்றார்.

பார்த்துக்கொண்டேன். அதுதான் வினையாகிப் போயிற்று. இலை லேசாகச் சுருங்கியது. தாகம் என்று தண்ணீர் ஊற்றினேன். இன்னும் சுருங்கியது. ஐயோ பாவம் என்று இன்னும் ஊற்றினேன். வேர் காய்ந்தாலும் ஹோயாவின் இலை சுருங்கும், வேர் அழுகினாலும் சுருங்கும். பதினான்கு தொட்டி வளர்ப்பவளுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பயம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் எங்கோ ஓடிப்போய்விடுகிறது. ஒரு நாள் காலையில் கொடியைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. வேர் இருந்த இடத்தில் ஊறிய அவல் மாதிரி ஏதோ இருந்தது. ஒரு துண்டாவது பிழைக்காதா என்று கணுக் கணுவாக வெட்டிப் பார்த்தேன். எல்லாம் உள்ளே பழுப்பு.

ஞாயிறுதோறும் மாலையில் அக்கா வீடியோவில் கூப்பிடுவார். பேத்தியைக் காட்டுவார். பதிலுக்கு நான் செடிகளைக் காட்ட வேண்டும். இரண்டு ஞாயிறு, "நெட் சரியில்லக்கா" என்று சமாளித்தேன். பிள்ளை பெற்ற வீட்டில் போய் இந்தச் சாவை எப்படிச் சொல்வது?

ஒரே ஒரு வழிதான் இருந்தது. செடியின் கதையைச் சொல்லும்போதெல்லாம் அக்கா, "இதுக்கு ஒரு தங்கச்சி இருக்கு. அப்ப எங்களுக்குப் பக்கத்து வீட்டுல இருந்த ஜெயராணி டீச்சருக்கு அவுகதான் பாதிய ஒடிச்சுக் குடுத்தாக. டீச்சர் இப்ப ராயப்பன்பட்டியில இருக்காக" என்பார். டீச்சரின் நம்பர் என்னிடம் இல்லை. அக்காவிடம் கேட்டால் குட்டு உடைந்துவிடும். நேரில் போவது என்று முடிவு செய்தேன். "ஒரு செடிக்காக இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கா?" என்றார் என் வீட்டுக்காரர். நான் அட்டைப்பெட்டியில் கத்தரிக்கோலால் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். செடித்துண்டு வழியில் புழுங்கிவிடக் கூடாதல்லவா?

வெள்ளிக்கிழமை காலை தேனியில் இறங்கியதும் காற்று என் துப்பட்டாவைப் பிடுங்கி, பக்கத்தில் நின்றவர் முகத்தில் போட்டது. அவர் கோபப்படவில்லை. "ஆனிக் காத்து அப்பிடித்தாம்மா" என்று எடுத்துக் கொடுத்தார். சென்னையில் வியர்வையை வழித்து எறிந்துகொண்டிருந்தவளுக்கு, ஜூன் மாதத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நிற்பது புதிதாக இருந்தது. ஏலக்காய் தட்டிப் போட்ட டீ ஒன்று குடித்தேன். எங்கள் தெருமுனை டீக்கடையில் ஏலக்காய் வாசனை மட்டும்தான் வரும். இங்கே தொண்டையில் தோலே சிக்கியது.

டீச்சரிடம் செடி இல்லாவிட்டால்? அந்த பயத்தில் முதலில் ஊருக்கு வெளியே ஒரு நர்சரிக்குப் போனேன். நர்சரிக்காரருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஹோயா இருக்கிறதா என்று கேட்டதும் முகம் மலர்ந்து, சின்ன டம்ளரில் நட்டிருந்த ஒற்றை இலை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். இதய வடிவ இலை.

"லவ் செடிக்கா. கிஃப்ட் குடுக்க வாங்கிட்டுப் போறாக."

"இது வளருமா?"

"வளரும்க்கா. கொஞ்சம் மெதுவா வளரும்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இதே பேச்சைக் கேட்டு வாங்கிய இதய இலை ஒன்று மூன்று வருஷமாக என் மேஜைமேல் இருக்கிறது. "தம்பி, கணு இல்லாத வெறும் இலை இது. வேர் விடும். பச்சையா உசுரோட இருக்கும். ஆனா ஒரு நாளும் கொடி விடாது" என்றேன்.

அவர் இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதான் பாத்தேன். எங்க வீட்டுல ஒன்னு ரெண்டு வருசமா அப்பிடியே குத்தவச்சிருக்கு. நாந்தான் ஒரம் பத்தலன்னு போட்டுக்கிட்டே இருந்தேன்" என்றார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். நான் தேடி வந்தது மலைமேல் மரத்தில் வளரும் ஜாதி என்றதும் அவர் சிரிப்பை நிறுத்தினார். "அக்கா, காட்டுக்குள்ள போயி எதையாச்சும் ஒடிச்சீகன்னா ஃபாரஸ்ட்டுக்காரவுக புடிச்சுருவாக. அந்த யோசனையே வேணாம்." அந்த யோசனை எனக்கு இருந்தது என்பதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இன்னும் இரண்டு நர்சரி ஏறி இறங்கியதில் பொழுது போய்விட்டது. அன்றைக்கு ராத்திரி லாட்ஜில் பரோட்டா சால்னா தின்றும் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை காலை உத்தமபாளையம் பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் இரண்டு மலையாளப் பெண்கள். குமுளிக்குப் போகிறவர்கள். என் மடியிலிருந்த பெட்டியைப் பற்றித்தான் பேச்சு. எனக்குப் புரிந்த அளவில் தமிழில் தருகிறேன். "உள்ளே கோழியாக இருக்கும்." "கோழியென்றால் சத்தம் போடாதா?" "செத்துப் போயிருக்கும், பாவம். இந்த அம்மாவுக்குத் தெரியவில்லை." திரும்பிப் பார்த்து ஒரு முறை முறைத்தேன். இருவரும் ஜன்னல் வழியாகத் தென்னந்தோப்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

உத்தமபாளையத்தில் இறங்கி ஒரு மினி பஸ்ஸில் ஏறினேன். ராயப்பன்பட்டி போகுமா என்று கேட்டேன் என்றுதான் இன்றுவரை சாதிக்கிறேன். கேட்டிருக்க மாட்டேன். ராத்திரித் தூக்கத்தையெல்லாம் சேர்த்து ஜன்னல் ஓரத்தில் தூங்கி எழுந்தபோது கோம்பையில் நின்றேன். ராயப்பன்பட்டி ஒரு பக்கமென்றால் இது வேறு பக்கம்.

டீக்கடையில் போய் நின்றேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், ஓட்டைகளைப் பார்த்தார். எதுவும் கேட்காமலேயே, "உக்காருங்கக்கா. ஆணா, பொட்டையா?" என்றார்.

"என்னது?"

"குட்டி வாங்கத்தான வந்தீக? நல்ல செவலையா வேணும்னா எங்க மச்சான் வீட்டுல ஈன்டுருக்கு. மெட்ராஸ்ல இருந்தெல்லாம் வந்து தூக்கிட்டுப் போறாக."

கோம்பை நாய்! அதற்காக வெளியூர்க்காரர்கள் பெட்டியோடு வந்து இறங்குவது அந்த ஊரில் வாடிக்கை போல. "நாய்க்கு இல்லண்ணே, செடிக்கு" என்றேன்.

"செடிக்கு எதுக்குக்கா ஓட்டை?"

"மூச்சு விட."

கடையே சிரித்தது. பெஞ்சுக்கு அடியில் படுத்திருந்த செவலை ஒன்று தலையைத் தூக்கி என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. சிரித்தாலும் நல்ல மனிதர்கள். பஸ்ஸுக்காக நிற்க விடவில்லை. ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சை ஏற்றப் போகும் குட்டியானை வண்டியை நிறுத்தி, டிரைவருக்குப் பக்கத்தில் என்னை ஏற்றிவிட்டார்கள். டிரைவர் வழியெல்லாம் பன்னீர் திராட்சைக்கு மருந்தடிக்கும் கதை சொன்னார். இறங்கும்போது முந்தின நாள் சரக்கில் மிஞ்சிய ஒரு கொத்தைக் கொடுத்தார். "டீச்சர் வீட்டுக்கு வெறுங்கையோட போகாதீக." எனக்குத் தோன்றவேயில்லை பாருங்கள்.

ராயப்பன்பட்டியில் குழாயடியில் நின்ற பெண்களிடம் ஜெயராணி டீச்சர் வீடு எது என்று கேட்டேன்.

"எந்த ஜெயராணி டீச்சரு? இங்கன கல்ல விட்டெறிஞ்சா ஒரு டீச்சரு மேலதான் விழும். ஜெயராணியே மூணு பேரு இருக்காக" என்றாள் ஒருத்தி.

"செடி வளர்க்கிறவங்க."

"செடி வளக்காத டீச்சரு யாரு இருக்காக?"

முதல் ஜெயராணி கணக்கு டீச்சர். அவர் வீட்டில் ரோஜாதான் இருந்தது. உத்தமபாளையத்திலிருந்து வந்தவர் வேறு ஜெயராணி என்று கோயிலுக்குப் பின்தெரு வீட்டைக் கைகாட்டினார். அங்கே போனால் வீடு இல்லை. புதிதாகத் தூண் எழும்பிக்கொண்டிருந்தது. சிமெண்டுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா, "டீச்சர் எங்களுக்கு இந்த எடத்த வித்துப்புட்டாகளே" என்றார்.

"பின்னாடி ஒரு கொடி இருந்திருக்குமே? தடிமனா இலை?"

"கொய்யா மரத்துல ஒன்னு கெடந்துச்சு. மரத்தையே வெட்டியாச்சு ஆத்தா."

அங்கே கொட்டியிருந்த மணல் குவியல்மேல் உட்கார்ந்துவிட்டேன். அக்காவின் முகம்தான் கண்முன் வந்தது. சார் போன அன்றைக்குக்கூட, சாயங்காலம் எல்லாரும் போன பிறகு அக்கா அந்தத் தொட்டிப் பக்கம்தான் போய் நின்றார். அதை நான் பார்த்திருக்கிறேன். இப்போது அவரிடம் என்ன சொல்வேன்? கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்த அம்மா பயந்துபோய் ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். "ஒரு கொடிக்கா இந்த அழுகை? டீச்சர் மேலத்தெருவுலதான் இருக்காக. எதுக்கும் போயிப் பாத்துருங்க" என்றார்.

மேலத்தெருவில் மூன்றாவது வீட்டுக் கதவைத் தட்டியபோது சாயங்காலம் ஆகிவிட்டது. கதவைத் திறந்தவருக்கு ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். கையில் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள். என் முகத்தையும், திராட்சையையும், பெட்டியையும் வரிசையாகப் பார்த்தார்.

"கோமதி அக்கா செடியா?" என்றார்.

நான் தலையாட்டினேன்.

"செத்துப்போச்சா?"

அவ்வளவுதான். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கொட்டினேன். எதிர் ஃபிளாட், கனடா, சுருங்கிய இலை, தண்ணீர், இன்னும் தண்ணீர். டீச்சர் விடைத்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு, "உள்ள வாங்க. அழுறத அங்கிட்டு வந்து அழுவலாம்" என்று என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

பார்ப்பதற்கு முன்னாலேயே மூக்குக்குத் தெரிந்துவிட்டது. இந்த வாசனை பொழுது சாய்ந்த பிறகுதான் வரும். துவைக்கிற கல்லுக்கு மேலே, வேலியோரத்து முருங்கையில் ஏறி அங்கிருந்து ஓட்டுச் சார்ப்பு வரைக்கும் போயிருந்தது கொடி. குறைந்தது இருபது கொத்துப் பூ. வெள்ளை நட்சத்திரம், நடுவில் சிவப்புப் பொட்டு. கொய்யா மரத்தை வெட்டுவதற்கு முன்பே டீச்சர் கொடியை வேரோடு இறக்கி இங்கே கொண்டுவந்து ஏற்றிவிட்டாராம். நான் ஓட்டுச் சார்ப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்று வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

"எத்தனை நாளைக்கு ஒருதடவை தண்ணி ஊத்துவீங்க?" என்று கேட்டேன்.

"நா எங்க ஊத்துறேன்? மழை பேஞ்சா நனையும். ஒங்க வீட்டுலதான் அதக் கையில வச்சுத் தாங்கியே கொல்லுறீக." டீச்சர் சிரித்தார். "நீங்க மூணாவது ஆளு."

"மூணாவதா?"

"மொதல்ல சார் வந்தாக. மெட்ராசுக்குக் குடிபோன மறு வருசம். தாலுகா ஆபீஸ் வேலைன்னு வீட்டுல சொல்லிட்டு நேரா எங்கிட்ட வந்து நின்னாக. 'டீச்சர், தண்ணி ஊத்தியே கொன்னுட்டேன். கோமதிக்குத் தெரிஞ்சா மனசு விட்டுரும். ஒரு துண்டு குடுங்க, சொல்லிராதீக'ன்னாக. குடுத்தேன். அடுத்து ரெண்டு வருசம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்கு வந்த சாக்குல அக்கா வந்தாக. 'அவரு ஆசையாக் குடுத்தத அழுக விட்டுட்டேன் ஜெயராணி, அவருக்குத் தெரியவே கூடாது'ன்னு அழுதாக. அவுகளுக்கும் குடுத்தேன். ரெண்டு பேரு சத்தியத்தையும் வயித்துக்குள்ள வச்சுக்கிட்டு நா பட்ட பாடு இருக்கே!"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆக, நான் கொன்றது சார் ஜீப்பில் கொண்டுவந்த செடி இல்லை. அதற்கு அடுத்ததும் இல்லை. அதற்கும் அடுத்தது.

"அக்காவுக்கு இது தெரியுமா? சார் வந்தது?"

"நா சொல்லல. சார் இருக்குறவரைக்கும் சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். அப்புறம் அக்காவப் பாக்கவே வாய்க்கல. இனிமே அது ஒங்க பாடு."

அன்றைக்கு டீச்சர் என்னைப் போக விடவில்லை. கோழிக்குழம்பும் சூடான சோறும் போட்டார். நான் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டேன். மூன்று வாரத்தில் ருசித்துச் சாப்பிட்ட முதல் சோறு அது. சென்னையில் என் எதிர் ஃபிளாட்டைத் தவிர வேறு யார் வீட்டிலும் நான் இப்படி உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

ஞாயிறு காலை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் டீச்சர் கத்தியைக் கழுவிக்கொண்டு வந்தார். பூ உதிர்ந்த பழைய காம்புகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. அடுத்த வருஷப் பூவும் அதே காம்பில்தான் வரும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. நான்கு கணு உள்ள நல்ல தண்டாகப் பார்த்து வெட்டினார். வெட்டுவாயில் வடிந்த பால் காயும்வரை நிழலில் வைத்து, ஈரத் தாளில் சுற்றி, வாழை மட்டைக்குள் செருகி என் பெட்டியில் படுக்க வைத்தார். "தென்னை நார்த்தூள ஒருக்க நனைச்சு நட்டு வைங்க. புது இலை எட்டிப் பாக்குற வரைக்கும் தண்ணிச் செம்ப எடுக்கக் கூடாது. எம் மேல சத்தியமா?" என்றார். சத்தியம் செய்தேன்.

சாயங்காலம் தேனி பஸ் ஸ்டாண்டில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதையே மறந்துவிட்டேன். பழக்க தோஷத்தில் வீடியோவை அமுக்கிவிட்டேன்.

பேத்தியைத் தோளில் போட்டிருந்த அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஏ மாலா, ஒனக்குப் பின்னாடி கம்பம் பஸ்ஸுல்ல நிக்குது? அது தேனி பஸ் ஸ்டாண்டுல்ல? அங்கன என்ன பண்ணுற நீ?"

இனி நெட் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? "அக்கா, சார் செடியக் கொன்னுட்டேன். டீச்சர்கிட்டத் துண்டு வாங்க வந்தேன். மன்னிச்சிடுங்கக்கா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் என்னை விட்டு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார்.

அக்கா பேத்தியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு மெதுவாக, "அழுவாத. அது அவுக கொண்டாந்த செடியே இல்ல மாலா. அத நா எப்பவோ அழுக விட்டுட்டேன். டீச்சர்கிட்டப் போயி வேற வாங்கியாந்து வச்சேன். கடேசி வரைக்கும் அவுககிட்டச் சொல்லல. எம் புருசன ஏமாத்திப்புட்டேன்னு இன்னைக்கும் நெஞ்சு உறுத்துது" என்றார்.

சொல்லலாமா, கூடாதா என்று நான் யோசிக்கவில்லை. "அக்கா, உங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே சார் டீச்சர் வீட்டுக்குப் போயிருக்கார். தாலுகா ஆபீஸ்னு சொல்லிட்டு. அவரும் தண்ணி ஊத்தித்தான் கொன்னாராம். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டு, ஒரு துண்டு வாங்கிட்டு வந்திருக்கார்."

அக்கா வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தார். "தாலுகா ஆபீஸா? துணிப்பையக் கீழ வைக்காம கையிலயே வச்சுக்கிட்டு வந்து எறங்குனாகளே அன்னைக்கா?" என்றார். "அப்ப நா கொன்னது... அவுக கொன்னுட்டு வாங்கியாந்து வச்சதையா?"

"ஆமாக்கா."

"அடப்பாவி மனுசா!" அக்கா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பேத்தி முழித்துக்கொண்டு அழுதது. உள்ளேயிருந்து மகள், "என்னம்மா ஆச்சு?" என்று ஓடிவந்தாள். "ஒன்னுமில்லடி. ஒங்கப்பா மாட்டிக்கிட்டாரு" என்றார் அக்கா. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் திரும்பினார். "எத்தன கணு இருக்கு?"

"நாலு."

"ரெண்டா வெட்டு. ஒன்னு எனக்கு, ஒன்னு ஒனக்கு. இனிமே யாரும் யாருக்கும் தெரியாம ராயப்பன்பட்டிக்கு ஓட வேணாம்."

பஸ் வந்தது. ஏறும்போது கண்டக்டர் பெட்டியைப் பார்த்து, "என்னக்கா, கோம்பைக் குட்டியா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டு ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன். சென்னை வரும்வரை நன்றாகத் தூங்கினேன்.

இரண்டு துண்டும் இப்போது இரண்டு தொட்டியில் இருக்கின்றன. இலைகள் சுருங்கவில்லை. ஒன்றில் கணுவோரம் கடுகளவு ஏதோ துருத்திக்கொண்டிருக்கிறது. நட்டு இன்றோடு பதினொரு நாள் ஆகிறது. இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. கை அரிக்கிறது.